குளோரின் எங்கே போகிறது?

வகுப்பு: 9, 10 – அறிவியல்

‘குளோரின் கிருமிகளைக் கொல்லும்’ என்பது மாணவர்கள் அறிந்த செய்தி. அது நீரில் வேறு எவற்றோடு வினைபுரிகிறது என்பதையும் அறிந்தால்தான் சுத்திகரிப்புப் படிகளின் வரிசை விளங்கும்.

இலை, சருகு, பாசி ஆகியவை மட்கும்போது உண்டாகும் கரிமப் பொருள்கள் ஆற்று நீரிலும் ஏரி நீரிலும் கரைந்திருக்கும். நீருக்கு இளம்பழுப்பு நிறம் தரும் ஹியூமிக் பொருள்கள் இவ்வகையின. குளோரின் ஓர் ஆக்சிஜனேற்றி. கிருமியோடு மட்டுமன்றி இவற்றோடும் வினைபுரிந்து செலவாகிவிடுகிறது.

இந்த வினையில் புதிய சேர்மங்களும் உண்டாகின்றன. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரக் குடிநீர் நிலைய வேதியியலாளர் யோஹன்னஸ் ரூக், குளோரின் கலந்த நீரில் குளோரோஃபார்ம் முதலிய டிரைஹாலோமீத்தேன்கள் உருவாவதை 1974இல் வெளியிட்டார். நெடுங்காலம் பருகினால் புற்றுநோய் வரக்கூடும் என்ற ஐயத்தால், அமெரிக்கா 1979இல் இவற்றின் மொத்த அளவுக்கு லிட்டருக்கு 0.10 மி.கி. என வரம்பு விதித்தது. பின்னர் அது 0.080 மி.கி. ஆகக் குறைக்கப்பட்டது.

ஓசோன் வேறு வகையில் செயல்படுகிறது. அது பெரிய கரிம மூலக்கூறுகளைச் சிறு துண்டுகளாக உடைக்கிறது. நீரின் நிறம் குறைகிறது. ஆனால் அத்துண்டுகள் பாக்டீரியாக்களுக்கு எளிய உணவாகின்றன. எனவே ஓசோனுக்குப் பின் நுண்ணுயிர்கள் வாழும் வடிகட்டியில் நீரைச் செலுத்துவது வழக்கம்.

செயல்பாடு

சருகுகளை ஓர் இரவு ஊறவைத்து, வடிகட்டி, வெளிர் நிறம் வரும்வரை நீர் சேர்க்கவும். ஒரு சோதனைக் குழாயில் இந்நீரையும் மற்றொன்றில் தெளிந்த நீரையும் சம அளவு எடுக்கவும். மிகவும் நீர்த்த பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலை இரண்டிலும் சம துளிகள் ஆசிரியரே சேர்க்கவும். தெளிந்த நீரில் இளஞ்சிவப்பு நிறம் நீடிக்கும். சருகு நீரில் அது மறைந்து பழுப்பாகும். பெர்மாங்கனேட் ஒடுக்கமடைந்து மாங்கனீசு டைஆக்சைடு ஆவதே காரணம். சருகு நீரில் படிகாரம் இட்டு, தெளியவைத்து, வடிகட்டி, மீண்டும் சோதித்து நேரத்தை ஒப்பிடச் செய்யலாம்.

‘அப்படியானால் குளோரினே வேண்டாமா?’ என்று மாணவர்கள் கேட்கக்கூடும். காலராவும் டைபாய்டும் உடனடி ஆபத்துகள். கிருமி நீக்கத்தைக் கைவிட முடியாது. கரிமப் பொருளைப் படிகாரத்தாலும் வடிகட்டலாலும் முதலில் குறைத்து, பிறகு குளோரின் சேர்ப்பதே தீர்வு. அப்போது குறைந்த குளோரினே போதும். குழாயின் கடைசி வரை காக்க எஞ்சியும் நிற்கும்.

மதிப்பீட்டு வினா: ஏரிக்குப் புதுவெள்ளம் வரும் நாள்களில் குளோரின் தேவை ஏன் கூடுகிறது?