சாமைப் பையின் மேல் என்ன அச்சாகியிருந்தது?

கேள்வி: கொல்லிமலையில் செம்மேட்டுக்குப் பக்கத்தில் சாமை, தினைக்கு உமி நீக்கித் தரும் சிறு ஆலை நடத்துகிறார் ஒரு வாசகர். அரசுத் துறை ஒன்றின் விடுதிகளுக்கு 12,000 கிலோ சாமை அரிசியை, கிலோ 70 ரூபாய் வீதம் கொடுக்க 2022 மே மாதம் அவருக்கு ஒப்பந்தம் கிடைத்தது. அந்த ஆகஸ்ட் முதல் 2023 பிப்ரவரி வரை பத்துக் கிலோ பைகளாக இறக்கினார். இதற்கிடையில் ஜூலை 18 அன்று பையிலிட்டு லேபிள் ஒட்டிய தானியத்துக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்துவிட்டது. அவருக்கு விஷயம் தெரிந்தது நவம்பரில், கணக்கு எழுதுபவர் சொல்லித்தான். 42,000 ரூபாயைக் கைக்காசிலிருந்து கட்டினார். துறையில் கேட்டால், ஒப்பந்த விலைக்கு மேல் தர வழியில்லை என்கிறார்கள். போதாததற்குப் பில்லில் 2 சதவீதம், அதாவது 16,800 ரூபாய் பிடித்தம். இரண்டையும் திரும்பப் பெற முடியுமா?

பதில்: நான்கு பக்கக் கடிதத்தில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் சரக்கு இறக்கிய சிரமம் விரிவாக இருக்கிறது. வழக்கைத் தீர்மானிக்கும் ஒரே செய்திதான் இல்லை. அந்தப் பத்துக் கிலோ பையின் மேல் என்ன அச்சாகியிருந்தது?

2022 ஜூலை 17 வரை தானியத்துக்கு வரி உண்டா என்பதைப் பிராண்டுதான் முடிவு செய்தது. மறுநாள் முதல் பிராண்டு பேச்சு போய், எடையளவுச் சட்டப்படி முன்கூட்டியே பொதிந்து லேபிள் இடவேண்டிய பையா என்ற கேள்வி வந்தது. அதற்கு முந்தின நாளே மத்திய மறைமுக வரிகள் வாரியம் கேள்வி-பதிலாக ஒரு விளக்கம் வெளியிட்டது. 25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டைக்கு இந்த வரி இல்லை. நிறுவனங்கள் தம் சொந்தப் பயன்பாட்டுக்கு, எடையளவு விதிகள் சொல்லும் முறைப்படி வாங்கும் பொதிக்கும் இல்லை. அந்த விதிகளின்படி நிறுவன நுகர்வோர் என்றால், 'சில்லறை விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட்ட பொதியை உற்பத்தியாளரிடமோ மொத்த வியாபாரியிடமோ நேரடியாக வாங்குபவர்.

ஆக, அதே சாமையை முப்பது கிலோ மூட்டையாகக் கட்டியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. பத்துக் கிலோ பையிலும் அந்த மூன்று சொற்கள் இருந்திருந்தால் வரி கிடையாது என்று வாதிட நல்ல இடம் உண்டு. மாறாக, சுற்றுலாப் பயணிகளுக்குக் கடையில் விற்கும் அதே பை, அதே எம்ஆர்பி, அதே லேபிள் என்றால் வரி சரியாகவே விழுந்திருக்கிறது.

இரண்டில் எது என்று வாசகருக்கே நினைவில்லை. மாதிரிக்கு ஒரு காலிப் பைகூட எடுத்து வைக்கவில்லை, ஒரு புகைப்படம் இல்லை. ஒப்பந்த ஆணையிலும் முதல் பக்கத்தின் நகலை மட்டும் அனுப்பியிருக்கிறார். விலையும் அளவும் அதில் இருக்கின்றன. வரி யார் தலையில் என்று சொல்லும் நிபந்தனைகள் அடுத்த பக்கத்தில் அல்லவா இருக்கும்! 1,200 பைகளை எண்ணி இறக்கிக் கையெழுத்து வாங்கியவர், இரண்டு தாளைப் பத்திரப்படுத்தவில்லை என்பதைப் படிக்கும்போது வருத்தமாகவே இருக்கிறது. மலையில் உரலில் சாமை குத்திய பெண்களின் கைக்கு உமி நீக்கும் இயந்திரம் வந்து சேர எத்தனை ஆண்டு உழைப்பு ஆயிற்று என்பது அங்குள்ளவர்களுக்குத் தெரியும். அப்படி வந்த தொழிலின் லாபத்தை ஒரு காகிதம் இல்லாததால் இழக்கலாமா?

முதலில், பையில் 'சில்லறை விற்பனைக்கு அல்ல' என்று இருந்ததாக வைத்துக்கொள்வோம். அப்போது துறையிடம் கேட்க எதுவுமில்லை. கட்ட வேண்டாத வரியைக் கட்டியிருக்கிறார், வரித்துறையிடம்தான் திரும்பக் கேட்க வேண்டும். அதற்கு ஜிஎஸ்டி சட்டத்தின் 54-ஆம் பிரிவு தரும் அவகாசம் இரண்டே ஆண்டு. 2023 தொடக்கத்தில் கட்டிய பணத்துக்கு 2025 தொடக்கத்திலேயே கெடு முடிந்தது. தவறுதலாகக் கட்டிய தொகைக்கு இந்தக் கெடு பொருந்தாது என்று சில உயர் நீதிமன்றங்கள் சொன்னதுண்டு. அதை நம்பி வழக்குப் போடுவது 42,000 ரூபாய்க்குக் கட்டுப்படியாகுமா என்பதை நேரில் ஒரு வழக்கறிஞரோடு உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, கடையில் விற்கும் பை. இங்கேதான் வாசகருக்கு வழி இருக்கிறது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 64-ஏ பிரிவு: ஒப்பந்தம் போட்ட நாளில் வரி இல்லாத சரக்குக்குப் பின்னால் வரி வந்தால், ஒப்பந்தத்தில் வேறு எண்ணம் தெரியாத வரை விற்பவர் அதை விலையோடு சேர்த்துக் கேட்கலாம். ஒப்பந்தம் மே மாதம், வரி ஜூலை மாதம். நாட்கள் வாசகர் பக்கம் நிற்கின்றன. ஆனால் இரண்டாம் பக்கத்தில் 'எதிர்கால வரிகள் உட்பட' என்பது போல ஒரு வரி இருந்தால் வாதம் அங்கேயே படுத்துவிடும். பிரிவில் ஜிஎஸ்டி என்ற பெயரும் இல்லை, சரக்கின் விற்பனை அல்லது கொள்முதல் மீதான வரி என்றுதான் இருக்கிறது. எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும்.

பிடித்தம் செய்த 16,800 ரூபாயை அவர் நஷ்டக் கணக்கில் எழுதியிருக்கிறார். அது நஷ்டமே இல்லை. இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களில் அரசு அலுவலகங்கள் 2 சதவீதம் ஜிஎஸ்டி டிடிஎஸ் பிடிப்பது 2018 அக்டோபர் 1 முதல் நடைமுறை. துறை அதை முறையாகச் செலுத்திக் கணக்குக் காட்டியிருந்தால், இணையதளத்தில் வாசகர் ஏற்றுக்கொண்டதும் அவருடைய மின்னணு ரொக்கப் பேரேட்டில் வரவாகும். அந்த இருப்பைத் திரும்பக் கேட்க இரண்டு ஆண்டுக் கெடு இல்லை என்று 2021 நவம்பர் 17-ஆம் தேதிச் சுற்றறிக்கை தெளிவாக்கியிருக்கிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வரி விதிக்கத்தக்க சரக்குக்கு மட்டுமே இந்த டிடிஎஸ் பிடிக்க முடியும். பிடித்த துறையே அந்தச் சாமையை வரிக்கு உட்பட்ட சரக்காகக் கருதியிருக்கிறது. வாசகர் புலம்பிய பிடித்தம் அவருக்கு நல்ல ஆதாரமாகவும் ஆகலாம். முடிவான ஒப்புதல் என்று அதை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும் என்று உறுதி கூற முடியாது.

அடுத்து, காலம். விற்ற சரக்கின் விலைக்கு வழக்கிட மூன்று ஆண்டு. சரக்குக் கொடுத்த நாளிலிருந்தோ, ஒப்பந்தத்தில் தவணை இருந்தால் அது முடிந்த நாளிலிருந்தோ எண்ண வேண்டும். கடைசி லோடு போனது 2023 பிப்ரவரி. கடிதத்தின் கடைசி வரியில், ஏதோ சாதாரணச் சேதி போல, 2024 செப்டம்பரில் துறையிலிருந்து வந்த பதிலைச் சொல்கிறார்: வரித் தொகைக்கு நிதி ஒதுக்கீடு கேட்டுத் தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருப்பதாக. உரிய அதிகாரியின் கையெழுத்து அதில் இருந்தால், காலவரையறைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவுப்படி கடனை ஒப்புக்கொண்டதாகக் கருதி அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு எண்ணலாம். 'பரிசீலனையில் உள்ளது' என்று மட்டும் இருந்தால் போதாது. அசல் தாளை உறையோடு பத்திரப்படுத்த வேண்டும். அரசின் மேல் வழக்கு என்பதால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவுப்படி இரண்டு மாத அறிவிப்பும் முன்னால் போக வேண்டும்.

சிறுதொழில் சட்டப்படி 45 நாள் தாண்டிய நிலுவைக்கு வட்டி கேட்கலாமா என்றும் ஒரு துணைக்கேள்வி. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவை அவர் எடுத்தது 2024-இல். குஜராத் மாநில உணவுப் பொருள் வழங்கல் கழகத்துக்கும் மகாகாளி ஃபுட்ஸ் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், ஒப்பந்தத்துக்குப் பின் எடுத்த பதிவை வைத்து முந்தைய பலனைக் கேட்க முடியாது என்று 2022 அக்டோபர் 31-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில் இக்கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. அதன் இன்றைய நிலையை வழக்கறிஞரிடம் கேட்டறியாமல் இதை நம்பி இறங்க வேண்டாம்.

இந்த ஆண்டு சத்துமாவு டெண்டரும் போடப்போவதாக எழுதியிருக்கிறார். 70 சதவீதத்துக்குக் குறையாமல் சிறுதானியம் சேர்ந்த மாவுத் தயாரிப்புக்கு உதிரியாக விற்றால் வரி இல்லை, லேபிளிட்ட பொதிக்கு 5 சதவீதம் என்று 2023 அக்டோபர் 7-இல் ஜிஎஸ்டி மன்றம் பரிந்துரைத்தது. லேபிளிட்ட பொதி என்பதன் விளக்கத்தையே மாற்ற 2024 டிசம்பர் 21-இல் மறுபடி பரிந்துரைத்தது. விலைப்புள்ளி கொடுக்கும் வாரத்தில் அன்றைய அறிவிக்கையைக் கணக்கரோடு படித்துவிட்டு, 'வரி தனி, பின்னால் மாறினால் மாறியபடி' என்ற நிபந்தனைக்கு ஒப்பந்தத்தில் இடம் உண்டா என்று டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் எழுத்தில் கேட்க வேண்டும்.

கடிதத்தில் கண்டதை மட்டும் வைத்துச் சொன்ன பதில் இது. இதைக் கொண்டு நோட்டீஸ் அனுப்பக் கூடாது. பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. ஆலை மகளிர் குழுவின் பெயரில் இருந்தாலோ வாசகர் பழங்குடியினராக இருந்தாலோ நாமக்கல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது ஒப்பந்த ஆணையின் எல்லாப் பக்கங்களும், கையெழுத்திட்ட டெலிவரி சலான்களும், டிடிஎஸ் சான்றிதழும், செப்டம்பர் கடிதமும் கையில் இருக்கட்டும். அதற்கு முன் பை அச்சடித்துத் தந்த அச்சகத்துக்கு ஒரு நடை போய் வர வேண்டும். 2022-இன் மாதிரி அங்கே இன்னும் கிடக்கலாம்.