சிவப்பு லேசர் கோடு காற்றில் ஏன் மறைகிறது? ஊதுபத்தி வைத்துச் செய்து பார்க்க ஒரு வழிகாட்டி

திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையே உள்ள காதங்கியில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. அங்கே 1998 முதல் 532 நானோமீட்டர் பச்சை லேசரை இரவு வானத்தில் செலுத்தி, மேல்காற்று திருப்பி அனுப்பும் ஒளியை அளந்துவருகிறார்கள். காற்று ஒளியைச் சிதறடிக்கிறது என்பதுதான் அந்த ஆய்வுக்கு அடிப்படை. அதே உண்மையைக் குப்பத்தை அடுத்த சாந்திபுரத்துப் பள்ளி அறையிலும் சில பொருள்களை வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டிவிடலாம்.

லேசர் கோடு பக்கவாட்டில் தெரிய வேண்டுமானால் இரண்டு காரியம் நடக்க வேண்டும். வழியில் உள்ள காற்றும் தூசும் ஒளியைக் கொஞ்சம் நம் பக்கம் சிதறடிக்க வேண்டும். அப்படி வரும் நிறத்தை நம் கண் நன்றாக உணர வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்குத்தான் கீழே உள்ள படிகள்.

தேவையானவை

சிவப்பு (650 நானோமீட்டர்), பச்சை (532), ஊதா (405) பாயிண்டர்கள் வேண்டும். மூன்றும் ஏறக்குறைய ஒரே திறனில் இருக்கட்டும். எதுவும் 5 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது. லேபிளில் அலைநீளமும் திறனும் இல்லாததை வாங்காதீர்கள். ஊதுபத்தி, கறுப்புத் துணி, வெள்ளைத் தாள், மஞ்சள் தூள் ஆகியவையும் தேவை.

படி 1: பாதுகாப்பு

பாயிண்டரை மேசைமேல் அசையாமல் கட்டி வையுங்கள். கோடு இடுப்பு உயரத்தில் சென்று, சுவரில் தொங்கும் கறுப்புத் துணியில் முடியட்டும். எல்லோரும் பக்கவாட்டில் நின்றே பார்க்க வேண்டும். கண்ணாடி, எவர்சில்வர் பாத்திரம் எதுவும் வழியில் இருக்கக் கூடாது. பாயிண்டரை ஆசிரியர் மட்டுமே கையாளட்டும்.

படி 2: வெறும் காற்று

அறையை நன்றாக இருட்டாக்கி, ஒவ்வொரு நிறத்தையும் போடுங்கள். பச்சை மெல்லிய கோடாகத் தெரியும். சிவப்பில் சுவரில் உள்ள புள்ளியும் இடையிடையே மினுங்கும் தூசுமே தெரியக்கூடும்.

காற்று மூலக்கூறுகள் சிதறடிக்கும் அளவு அலைநீளத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் மாறும். இது இயற்பியலாளர் ரேலி கண்ட விதி. இதன்படி சிவப்பைவிடப் பச்சை சுமார் 2.2 மடங்கும், ஊதா சுமார் 6.6 மடங்கும் சிதறும். ஆனால் வெளிச்சத்துக்குப் பழகிய கண் 555 நானோமீட்டரை ஒட்டிய பச்சையையே மிக நன்றாக உணரும். அந்த உச்சத்தை 100 என்று கொண்டால் 532க்கு 88, 650க்குச் சுமார் 11, 405க்கு 0.1கூட இல்லை. இரண்டையும் பெருக்கினால், ஒரே திறனில் பச்சைக் கோடு சிவப்பைவிடச் சுமார் 18 மடங்கு பளிச்சென்று தெரிய வேண்டும். ஊதா எல்லாவற்றையும்விட அதிகம் சிதறினாலும் கண் அதைப் பிடிக்காததால் மங்கிவிடுகிறது.

படி 3: ஊதுபத்திப் புகை

கோட்டுக்குக் கீழே ஊதுபத்தியைக் கொளுத்தி வையுங்கள். காணாமல் போயிருந்த சிவப்புக் கோடு புகை இருக்கும் இடத்தில் உடனே எழும்பும். லேசர் அப்போதும் அதே லேசர்தான். நம் பக்கம் திரும்பும் ஒளிதான் கூடியிருக்கிறது.

படி 4: பாயிண்டரைச் சுழற்றுதல்

புகை மெலிதாக இருக்கும்போது கோட்டுக்குச் செங்குத்தான பக்கத்தில் நில்லுங்கள். ஆசிரியர் சிவப்புப் பாயிண்டரை அதன் அச்சிலேயே கால் சுற்று திருப்பட்டும். பல பாயிண்டர்களில் கோடு மங்கிப் பளிச்சிடும். லேசர் ஒளி ஒரே தளத்தில் அதிர்வதும், அந்த அதிர்வின் திசையில் சிதறல் குறைவதுமே இதற்குக் காரணம்.

படி 5: இருளில் காத்திருத்தல்

லேசரை அணைத்து, இருட்டிலேயே அரை மணி நேரம் உட்காருங்கள். பேச்சு நடக்கலாம், செல்போன் திரை மட்டும் எரியக் கூடாது. பிறகு புகையில்லாத காற்றில் மூன்றையும் மறுபடி போட்டு, கோட்டுக்குச் சற்றுத் தள்ளிப் பார்வையை வையுங்கள். இருளுக்குப் பழகிய கண்ணின் உச்சம் 507 நானோமீட்டருக்கு நகர்ந்துவிடும். அந்த நிலையில் 650 சிவப்புக்குக் கண் ஏறக்குறைய குருடு. மிக மங்கலான கோடுகளில் ஊதா சிவப்பை முந்திவிடும். சிவப்பும் ஊதாவும் படி 2இல் இருந்த வரிசையிலிருந்து இடம் மாறுவதைப் பிள்ளைகளே சொல்லட்டும்.

படி 6: ஊதாவின் உண்மையான பலம்

ஊதா ஒளியை முதலில் கறுப்புத் துணியிலும், பிறகு வெள்ளைத் தாளிலும், மஞ்சள் தூளிலும் விழச் செய்யுங்கள். துணியில் மங்கலாக இருந்த புள்ளி, தாளில் நீலமாகவும் மஞ்சளில் பச்சை கலந்த மஞ்சளாகவும் ஒளிரும். அந்தப் பொருள்கள் ஊதாவை உள்வாங்கி, நம் கண்ணுக்கு எட்டும் நிறமாக வெளியிடுகின்றன. கண்ணுக்கு மங்கலாகப் பட்டபோதும் அந்த ஒளியில் ஆற்றல் இருந்தது என்பதற்கு இதுவே சாட்சி.

மனத்தில் பதிய வேண்டியது

மங்கலாகத் தெரியும் லேசர் பலவீனமானது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. காதங்கிக் கருவியில் உள்ள வகை லேசர் முதலில் தருவது 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி. அது கண்ணுக்கே தெரியாது. அந்த அலைநீளத்தைப் பாதியாக்கித்தான் பச்சை கிடைக்கிறது. கடைப் பச்சைப் பாயிண்டர்கள் பலவும் இதே முறையில்தான் வேலை செய்கின்றன. மலிவானவற்றில் அகச்சிவப்புத் தடுப்பு இல்லாமல் போவதுண்டு. அப்போது கண்ணுக்குத் தெரியாத ஒளியும் கூடவே கசியும். பளிச்சென்ற ஒளி பட்டால் இமை தானே மூடும். தெரியாத ஒளிக்கு இமை மூடாது, விழித்திரைதான் வெந்துபோகும்.

ஆகவே கோட்டின் பிரகாசத்தை நம்பாமல் லேபிளில் உள்ள மில்லிவாட்டைப் பாருங்கள். எந்த நிறமானாலும் ஆள், மாடு, வண்டி, விமானம் எதன்மீதும் காட்டாதீர்கள். வகுப்பு முடிந்ததும் பாயிண்டரிலிருந்து பேட்டரியைக் கழற்றி, இரண்டையும் பூட்டிய அலமாரியில் வையுங்கள்.