திரையில் 'நோ சிக்னல்' வந்தால் நெட் போச்சுன்னு அர்த்தம் இல்லை!

செல்போனில் 'நோ சர்வீஸ்' என்று வந்தால் டவர் கிடைக்கவில்லை என்று நமக்குத் தெரியும். புன்னைக்காயலில் இருந்து கடலுக்குள் போகும் மீனவர்களுக்கு இது பழகிய விஷயம். அதனால்தான் கம்ப்யூட்டர் திரையில் 'நோ சிக்னல்' என்று பார்த்ததும், "நெட் போச்சு போல, நாளைக்கு வருவோம்" என்று எழுந்துவிடுகிறோம். நாளைக்குத்தான் மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்றால்?

கொஞ்சம் பொறுங்க. இந்த 'சிக்னல்' வேற.

மானிட்டர் என்ன சொல்கிறது?

செல்போனில் திரையும் கருவியும் ஒன்றாகவே இருக்கின்றன. மேசைக் கணினியில் மானிட்டர் தனி, சிபியு பெட்டி தனி. நடுவில் ஒரு கேபிள். "நான் ஆன்ல தான் இருக்கேன், ஆனா எனக்குப் படம் வரலை" என்று மானிட்டர் சொல்வதுதான் 'நோ சிக்னல்'. இணையத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

- நோ சிக்னல்: தேர்ந்தெடுத்த வழியில் படம் வரவில்லை.
- செக் சிக்னல் கேபிள்: கேபிள் கழன்றோ தளர்ந்தோ இருக்கலாம்.
- அவுட் ஆஃப் ரேஞ்ச்: படம் வருகிறது, அந்த அளவில் காட்ட மானிட்டரால் முடியவில்லை. ரெசல்யூஷனைக் குறைக்க வேண்டும்.
- பவர் சேவிங்: கணினி தூங்குகிறது.

முதலில் ஆஃப் பண்ணாதீங்க!

திரை இருண்டாலும் உள்ளே கணினி ஓடிக்கொண்டிருக்கலாம். பாதி நிரப்பிய விண்ணப்பம் அப்படியே இருக்கலாம். பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் சேமிக்காதது போய்விடும். எனவே இந்த வரிசையில் பாருங்கள்:

1. மவுஸை அசைத்து, கீபோர்டில் ஒரு கீயைத் தட்டுங்கள்.
2. சிபியு பெட்டியில் விளக்கு எரிகிறதா, ஃபேன் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கோளாறு மின்சாரத்தில். பிளக், யுபிஎஸ் இரண்டையும் கவனியுங்கள்.
3. கேபிளின் இரண்டு முனைகளையும் நன்றாக அழுத்துங்கள். நீல நிற விஜிஏ பிளக் என்றால் இருபக்கத் திருகுகளையும் இறுக்குங்கள்.
4. மானிட்டர் பட்டனில் 'இன்புட்' அல்லது 'சோர்ஸ்' பகுதிக்குப் போங்கள். கேபிள் ஹெச்டிஎம்ஐ-யில் இருக்க, மானிட்டர் விஜிஏ-வைத் தேடினால் படம் வராது.
5. அப்போதும் வரவில்லை என்றால் வேறு கேபிளையோ வேறு மானிட்டரையோ மாட்டிப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் திரை இருட்டாகவே இருந்தால், அல்லது ஆன் செய்யும்போது பெட்டி விட்டுவிட்டு 'பீப்' அடித்தால், டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள்.

உப்புக் காற்று, கவனம்

தாமிரபரணி கடலில் கலக்கும் இடம் புன்னைக்காயல். ஆறுமுகநேரி பக்கம் உப்பளங்கள். இப்படிப்பட்ட ஊர்களில் காற்றிலுள்ள உப்பும் ஈரமும் பிளக்கின் உலோக முனைகளை அரிக்கும். விஜிஏ பிளக்கில் 15 ஊசிகள் இருக்கும். அதில் ஒன்று சரியாகத் தொடாவிட்டால் திரை முழுக்க மஞ்சளாகவோ ஊதாவாகவோ தெரியலாம். அதுதான் முன்னெச்சரிக்கை. மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பிளக்கை உலர்ந்த துணியால் துடையுங்கள். பச்சை படிந்திருந்தால் கேபிளை மாற்றுங்கள். கணினியை ஜன்னல் ஓரம் வைக்காதீர்கள்.

2023 டிசம்பர் மழையில் பக்கத்து ஊரான காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது மறந்திருக்காது. வெள்ளத்தில் நனைந்த கணினியை "வேலை செய்யுதான்னு பார்ப்போம்" என்று ஆன் செய்யவே கூடாது. உயிருக்கும் ஆபத்து, கோப்புகளுக்கும் ஆபத்து. அப்படியே டெக்னீஷியனிடம் கொடுங்கள்.

கையில் இருக்கும் போன் உதவும்

இ-சேவை மையத்தில் பணம் கட்டும் நேரத்தில் திரை இருண்டுவிட்டதா? உடனே இரண்டாம் முறை கட்டாதீர்கள். முதலில் உங்கள் போனுக்கு எஸ்எம்எஸ் வந்ததா என்று பாருங்கள். விண்ணப்ப எண் கிடைத்திருந்தால் இ-சேவை இணையதளத்தில் நிலையைப் போனிலேயே பார்க்கலாம்.

சேமித்த கோப்புகள் இருப்பது ஹார்டு டிஸ்க்கில், மானிட்டரில் அல்ல. திரை இருண்டதால் மட்டும் உங்கள் சான்றிதழ் எங்கும் போய்விடாது. அடுத்த முறை 'நோ சிக்னல்' வந்தால் வீட்டுக்குக் கிளம்பாதீங்க. முதல்ல கேபிளைப் பாருங்க!