விலை உயர்ந்த ஐஸ் பெட்டி வாங்கலாமா?

சாதாரண ஐஸ் பெட்டியைவிடப் பல மடங்கு விலை சொல்கிறார்களா? பணம் கொடுக்கும் முன் இவற்றைப் பாருங்கள்.

• காலையில் போய் மாலையில் திரும்பும் பயணத்துக்குச் சாதாரணப் பெட்டியே தாராளம். இரண்டு, மூன்று நாள் வெளியே தங்குபவர்களுக்கும், கடலுக்குப் போய் மீன் கொண்டுவருபவர்களுக்கும்தான் கனமான பெட்டி பயன்படும்.

• மூடியின் உள்விளிம்பில் ரப்பர் பட்டை இருக்கிறதா பாருங்கள். ஒரு தாளை இடையில் வைத்து மூடி இழுங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் குளிர்ச்சியும் அந்த வழியே வெளியேறும்.

• மூடியைத் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம் வந்தால் உள்ளே ஃபோம் நிரப்பவில்லை என்று சந்தேகப்படலாம். பக்கச் சுவர்கள் தடிமனாக இருந்தும் மூடி வெறும் கூடாக இருந்தால் பயனில்லை.

• தூக்கிப் பாருங்கள். 40 லிட்டர் பெட்டி காலியாகவே 10 கிலோ இருக்கக்கூடும். ஐஸும் சேர்ந்தால் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

• இருக்கும் பெட்டியை முதலில் சரியாகப் பயன்படுத்துங்கள். முந்தின இரவே கொஞ்சம் ஐஸ் போட்டுக் குளிர வையுங்கள். பொருள் ஒரு பங்கு, ஐஸ் இரண்டு பங்கு. தூள் ஐஸைவிடப் பாளம் மெதுவாகக் கரையும். நிழலில் வையுங்கள், அடிக்கடி திறக்காதீர்கள். இவ்வளவு செய்தும் போதவில்லை என்றால், தயங்காமல் நல்ல பெட்டி வாங்குங்கள்.