ஈ பிடிக்கும் கூடாரம்

எழும்பூர் மியூசியத்துக்குச் சென்னை ஜனங்கள் வைத்த பழைய பெயர் 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்'. சின்ன வயதில் நானும் திமிங்கல எலும்பை வாய் பிளந்து பார்த்துவிட்டு, வெளியே வந்து ஐஸ் வாங்கித் தின்றவன்தான். மியூசியத்துக்கு நாம் திருப்பிக் கொடுக்க ஏதாவது இருக்கும் என்று தோன்றியதே இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் செய்த வேலையைப் படித்த பிறகுதான் அந்த நினைப்பு மாறியது.

1913-ல் திறந்த மியூசியம் அது. 2012-ல் 'பயோஸ்கேன்' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். கட்டடமும் காருமாக நெருக்கியடிக்கும் அந்த ஊருக்குள் என்னென்ன பூச்சி வாழ்கிறது என்பதுதான் கேள்வி. காட்டுக்குப் போய்த் தேட ஆள் உண்டு. ஊருக்குள் எப்படித் தேடுவது? நிலமெல்லாம் வீட்டுக்காரர்களின் காம்பவுண்டுக்குள் அல்லவா இருக்கிறது! ஆகவே அவர்களிடமே கேட்டார்கள். சுமார் 30 இடங்களில், பெரும்பாலும் வீட்டுத் தோட்டங்களில், ஒவ்வொரு பூச்சிப் பொறி நின்றது. கூடவே வெப்பமும் ஈரப்பதமும் பதிவு செய்யும் கருவி.

இந்தப் பொறி இருக்கிறதே, நம்மைப் போன்ற மெக்கானிக்கல் ஆட்கள் ரசிக்க வேண்டிய சமாச்சாரம். மோட்டார் இல்லை, ஸ்பிரிங் இல்லை. சுவீடன் நாட்டுப் பூச்சியியலாளர் ரெனே மலேய்ஸ், தன் கூடாரத்துக்குள் நுழைந்த பூச்சிகள் மேல் மூலைக்கு ஏறி, அங்கிருந்த ஓட்டை வழியாக வெளியேறுவதைக் கவனித்தார். அந்த ஓட்டையில் ஒரு பாட்டிலை மாட்டினால்? 1934-ல் பர்மாவுக்குப் போனபோது அதைச் செய்தும் பார்த்தார். நடுவில் வலைத்தடுப்பு, மேலே சரிந்த கூரை, உயர்ந்த மூலையில் ஆல்கஹால் பாட்டில். தடுப்பில் முட்டும் பூச்சி வெளிச்சத்தை நோக்கி மேலே ஏறும். அதன் சுபாவமே அதை பாட்டிலில் தள்ளிவிடும்.

முதல் மூன்று மாதச் சேகரிப்பில் ஃபோரிட் என்ற கூன்முதுகு ஈக்கள் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல். பல வகைகள் சில மில்லிமீட்டர்தான் இருக்கும். ஸ்லைடில் வைத்து, ஆண் ஈயின் பின்னுறுப்பை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் இனம் பிரிக்க முடியும். எமிலி ஹார்ட்டாப், பிரையன் பிரவுன், ஹென்றி டிஸ்னி மூவரும் 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். மெகாசீலியா என்ற ஒரே பேரினத்தில் 30 புதிய இனங்கள்! பொறிக்கு இடம் கொடுத்த குடும்பங்களின் பெயரையே அந்த ஈக்களுக்கு வைத்தார்கள். நம்ம ஊரில் ஒருத்தர் பேரை ஈக்கு வைத்தால் முதலில் சண்டைக்கு வருவார், அப்புறம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிவார்.

ஒன்றைக் கவனியுங்கள். வீட்டுக்காரர் யாரும் இனம் கண்டுபிடிக்கவில்லை. அது பல வருடம் படித்தவர் வேலை. ஆனால் அந்தக் கதவு திறக்காவிட்டால் படித்தவருக்கு வேலையே இல்லை. இதே மியூசியமும் சான்பிரான்சிஸ்கோவின் கலிபோர்னியா அறிவியல் அகாடமியும் 2016-ல் போட்டியாக நடத்திய 'சிட்டி நேச்சர் சேலஞ்ச்' 2018-ல் உலகப் போட்டியானது. அங்கே செடி, பூச்சி, பறவை எதையும் போட்டோ எடுத்து அனுப்பலாம். எனக்கு என்னவோ அந்த ஆரவாரத்தைவிட, சத்தமில்லாமல் கொல்லையில் நிற்கிற கூடாரம்தான் பிடித்திருக்கிறது.

பிடித்தது சும்மா விடுமா? பழைய கொசுவலை, நாலு பைப், கெமிஸ்ட்ரி லேபில் கேட்டு வாங்கிய ஆல்கஹால். ஹாஸ்டலுக்குப் பின்னால் நான் கட்டியதைப் பார்த்த வொர்க்‌ஷாப் சார், "என்னப்பா, யார் வீட்டுக் கல்யாணப் பந்தல்?" என்றார். பசங்க சிரித்தார்கள். மூன்று வாரத்தில் பதினொரு பாட்டில் சேர்ந்தது. நடுவில் இரண்டு தடவை இடத்தையும் மாற்றினேன். பெருமை தாங்கவில்லை. பக்கத்து ஊர் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியை ஒருவரிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அவர் ஒரு பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இது எந்தத் தேதி? எந்த இடத்துல வெச்சது?"

"எல்லாமே ஹாஸ்டல் பக்கம்தான் மேடம்..."

"எந்த வாரம்? எந்தப் பக்கம்?"

எனக்கு பதில் வரவில்லை. லேபிள் ஒட்டவே இல்லை. இரண்டு பாட்டிலில் மட்டும் மேலே பேனாவால் கிறுக்கியிருந்தேன், அதுவும் ஆல்கஹால் வழிந்து அழிந்துபோயிருந்தது.

"அப்ப இது வெறும் ஈ தம்பி," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறைத்தது. மெட்டீரியல் டெஸ்டிங் லேபில் எந்தக் கம்பியிலிருந்து வெட்டியது என்று தெரியாத ஸ்பெசிமனை இழுத்து உடைத்தால் ரெக்கார்டில் என்ன எழுத முடியும்? அதே கதி. அத்தனை உயிரைக் கொன்றதற்கும் கணக்கில்லாமல் போயிற்று.

வழியனுப்பும்போது அவரே சொல்லிக் கொடுத்தார்: தடித்த காகிதத்தில் பென்சிலால் தேதி, இடம், எடுத்தவர் பெயர் எழுதி, அந்தக் காகிதத்தை பாட்டிலுக்கு உள்ளேயே போடணும். பென்சில் எழுத்து ஆல்கஹாலில் கரையாது.

இப்போது கூடாரம் கேன்டீனுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நிற்கிறது. ஆறு பாட்டில் ஆயிற்று, ஆறுக்கும் லேபிள் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் பாட்டில் மாற்றும் வேலை. யாராவது ஒரு பென்சிலோடு வந்தால் நன்றாக இருக்கும். என்னுடையது வழக்கம்போல டிராயிங் ஹாலில் காணாமல் போய்விட்டது.