காற்கூறும் முக்காற்கூறும்: உயர்கல்வியில் கற்பித்தலும் மதிப்பிடுதலும்

முன்னுரை

கல்லூரிக் கல்வியின் பயன் யாது என்னும் வினாவுக்கு விடைகள் பலவாக இருத்தல் கூடும். ஆயினும், கற்றதைத் தெளிவுற எடுத்துரைக்கவும், கல்லாத புதிய பகுதியைத் தாமே படித்துணரவும் மாணவரை வல்லவராக்குவதே அப்பயன் என்பதில் கருத்து வேறுபாடு இராது. நாம் கற்பிக்கும் முறையும் தேர்வு நடத்தும் முறையும் அப்பயனை நோக்கி அமைந்துள்ளனவா என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படுகிறது.

இவ்வினா நம் உள்ளத்தில் எழுந்ததற்குக் காரணம் ஒரு நிகழ்ச்சியாகும். சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் இளங்கலைத் தமிழ் பயின்ற மாணவியொருவர், எல்லாத் தாள்களிலும் உயர்ந்த மதிப்பெண் பெற்றுத் தேறினார். தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர் அவர். ஆசிரியப் பணிக்கான நேர்காணலொன்றில், அவர் பயிலாத செய்யுள் ஒன்றைக் கையில் கொடுத்து, வகுப்பில் நடத்துவது போல் விளக்குக என்றனர். செய்யுளைப் படித்தார், பின் பேச்சற்று நின்றார். மறுவாரம் நம்மிடம் வந்து, “படித்த பாட்டாக இருந்தால் சொல்லியிருப்பேன் ஐயா” என்றார். அது அவர்தம் குறையன்று. அம்மதிப்பெண்களுள் பலவற்றை இட்ட கை நம்முடைய கையே.

நன்னூல் வகுத்த கணக்கு

புதிய கற்பித்தல் முறைகள் என்றதும் மேலை நாடுகளை நோக்குவது நம் வழக்கம். ஆனால், பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரத்திலேயே இப்பொருள் பற்றிய தெளிவான கணக்கொன்று உள்ளது. ஆசிரியர் உரைத்ததை மாணாக்கன் எவ்வளவு நன்றாக உள்வாங்கினும், அது புலமையில் காற்கூறே ஆகும். உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்கூறு கிட்டும். எஞ்சிய அரைக்கூறு, கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதே நிறைவுறும்.

இக்கணக்கை இன்றைய வகுப்பறையோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். ஆசிரியர் உரைக்கிறார், மாணவர் குறிப்பெடுக்கின்றனர், தேர்வில் அதனையே திருப்பி எழுதுகின்றனர். நாம் கற்பிப்பதும் காற்கூறு, அளப்பதும் அக்காற்கூறே. முக்காற்கூறு பாடத்திட்டத்திற்கும் வினாத்தாளுக்கும் வெளியே நிற்கிறது. மாணாக்கரை வகைப்படுத்தும் இடத்தில், சொன்னதைச் சொல்லும் கிளியை நன்னூல் இடை மாணாக்கர்க்கே உவமையாக்கியது. நம் தேர்வுமுறையோ கிளிக்கே முதலிடம் வழங்குகிறது.

உடன்பயில்வார் தரும் கால்

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர், தம் மாணவர் கணக்குகளைச் சரியாகப் போட்ட போதிலும் அடிப்படைக் கருத்துகளை உணரவில்லை எனக் கண்டார். எனவே, 1991 முதல் சகமாணவர் வழிக் கற்பித்தல் என்னும் முறையைக் கையாளலானார். ஆசிரியர் சிறிது நேரம் விளக்கிய பின் ஒரு வினாவை எழுப்புவார். ஒவ்வொருவரும் முதலில் தனித்து விடை குறிப்பர். பின்னர் அருகிலிருப்பவரிடம் தம் விடைக்குக் காரணம் கூறி உரையாடுவர். மீண்டும் விடை குறித்த பின்னரே ஆசிரியர் விளக்கம் தருவார்.

இம்முறை தமிழ் வகுப்புக்கும் பொருந்தும். ‘வேலை தேடினான்’, ‘வேலைத் தேடினான்’ என்னும் இரு தொடர்களைக் கரும்பலகையில் எழுதி, இவற்றுள் எது பிழை என்று நாம் வினவினோம். பெரும்பாலோர் ஒன்றைப் பிழையென்றே எழுதினர். உரையாடத் தொடங்கியதும் பின்வரிசை மாணவர் ஒருவர், “இரண்டாவது தொடரில் தேடப்படுவது வேல்” என்றார். வகுப்பு முழுவதும் நிமிர்ந்தது. முன்னதில் வேற்றுமை உருபு தொக்கி நிற்பதால் வல்லினம் மிகவில்லை. பின்னதில் ஐ உருபு விரிந்து நிற்பதால் மிகுந்தது. இரண்டாம் வேற்றுமைத் தொகையும் விரியும் அன்று அவர்களுக்கு விளங்கியது போல், நாம் நூற்பா உரைத்த ஆண்டுகளில் விளங்கியதில்லை.

வினாத்தாள் மாறினால் படிப்பும் மாறும்

மாணவர் படிக்கும் முறையை வகுப்பறையைவிட வினாத்தாளே வலுவாக ஆள்கிறது. பெஞ்சமின் புளூம் குழுவினர் 1956இல் வெளியிட்ட பகுப்பு, கல்வி நோக்கங்களை அறிதல், புரிதல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், தொகுத்தாக்கல், மதிப்பிடல் என ஆறு படிகளாக அமைத்தது. 2001இல் வந்த திருத்தத்தில் படைத்தல் உச்சியில் வைக்கப்பெற்றது. நம் வினாக்களுள் பெரும்பான்மை முதற்படியிலேயே நின்றுவிடுகின்றன.

சான்றாக, ‘சீறாப்புராணம் கூறும் நாட்டுச் சிறப்பினை விளக்குக’ என்பது ஆண்டுதோறும் வரும் வினா. துணைநூலை நெட்டுருச் செய்தவர் இதற்கு எளிதில் விடையளிப்பர். ‘அரபு நாட்டைப் பாட வந்த உமறுப்புலவர், தமிழ் நிலத்தின் ஆற்றுவளத்தையும் வயல்வளத்தையும் அங்குக் காட்டுவது ஏன்?’ என்று வினவினால், மாணவர் காப்பிய மரபையும், புலவர் தம் மக்களுக்காகப் பாடினார் என்பதையும் எண்ணியே ஆகவேண்டும். பாடப்பகுதி ஒன்றே, படிப்பு வேறாகிறது.

அளத்தலும் வளர்த்தலும்

பருவ இறுதியில் தேர்ச்சியை அளக்கும் மதிப்பீடு வேறு. கற்கும் காலத்திலேயே குறையைக் காட்டித் திருத்தும் மதிப்பீடு வேறு. இவ்வேறுபாட்டை 1967இல் மைக்கேல் ஸ்கிரிவன் வகுத்துக் காட்டினார். ரூத் பட்லர் பள்ளி மாணவரிடையே நடத்தி 1988இல் வெளியிட்ட ஆய்வு ஈண்டுக் கருதத்தக்கது. திருத்தக் குறிப்பு மட்டும் பெற்றவர் அடுத்த பணியில் முன்னேறினர். குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவரிடம் அம்முன்னேற்றம் காணப்படவில்லை. மதிப்பெண்ணைக் கண்டபின் குறிப்புப் பயன்படவில்லை போலும். எனவே, கட்டுரைகளை முதலில் குறிப்புடன் மட்டும் திருப்பித் தந்து, திருத்தி எழுதிய பின் மதிப்பெண் இடுவது நன்று.

தேர்வே கற்றலுக்குத் துணையாவதும் உண்டு. ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர் ஐந்து நிமிடங்களுக்குப் பின் நடந்த தேர்வில் மேம்பட்டனர். ஆனால், படித்தபின் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவரே ஒரு வாரத்திற்குப் பின் மேம்பட்டனர். வகுப்பின் இறுதி ஐந்து நிமிடங்களில், ஏட்டை மூடிவிட்டு அன்றைய பாடத்தை நான்கு வரிகளில் எழுதச் செய்யலாம். இதற்கு மதிப்பெண் வேண்டா, செலவும் இல்லை.

தடைகளும் தீர்வுகளும்

இவற்றிற்குத் தடைகள் இல்லாமல் இல்லை. அறுபது பேர் அமர்ந்த வகுப்பு முதல் தடை. வாரம் நால்வர் எனப் பகுத்துக்கொண்டால், ஒரு பருவத்தில் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் வகுப்பின் முன் நின்று விளக்க இயலும்.

இரண்டாவது தடை, அகமதிப்பீட்டில் ஆசிரியர் சார்பு காட்டுவர் என்னும் ஐயம். 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு அகமதிப்பீட்டைப் பரிந்துரைத்தது. தமிழகத்தில் 1978 முதல் தன்னாட்சிக் கல்லூரிகளும் அமைந்தன. ஆயினும் இவ்வையம் முற்றும் நீங்கவில்லை. அதனைப் புறக்கணித்தல் தகாது. பொருள் தெளிவுக்கு இவ்வளவு, சான்றுக்கு இவ்வளவு, எடுத்துரைக்கும் முறைக்கு இவ்வளவு என மதிப்பெண் பகிர்வை முன்கூட்டியே அறிவித்து, துறையின் மற்றோர் ஆசிரியரையும் உடன் மதிப்பிடச் செய்தால் ஐயம் குறையும்.

மூன்றாவது, காலம் கொணர்ந்த தடை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின், வீட்டில் எழுதிவரும் கட்டுரை மாணவருடையதா, கணினியுடையதா எனத் துணிதல் அரிதாயிற்று. கட்டுரையை வாங்கிக்கொண்டு, “இதை எனக்கு விளக்குக” என ஐந்து நிமிடம் கேட்பதே இதற்குத் தக்க மாற்று. நன்னூலார் அரைக்கூறு என்று போற்றிய எடுத்துரைத்தல், இன்று முன்னினும் இன்றியமையாததாகிறது.

முடிவுரை

இப்போது நம் வகுப்பில், பயிலாத செய்யுளொன்றைத் தந்து, பத்து நிமிடம் படிக்கவும் ஐந்து நிமிடம் விளக்கவும் செய்கின்றோம். முதன்முறை பலர் பேச்சற்று நிற்கின்றனர். மூன்றாம் முறை, தவறாகவேனும் பேசுகின்றனர். தவறு திருத்தத்தக்கது; மௌனத்தைத் திருத்த இயலாது. நேர்காணலில் நின்ற அம்மாணவிக்கும் இதனைச் செய்ய நமக்கு மூன்று ஆண்டுகள் இருந்தன. செய்யத் தவறினோம்.

சமுதாயப் பெரியோர்க்கும் இதில் பங்குண்டு. வீடு திரும்பும் பிள்ளையிடம் எத்தனை மதிப்பெண் என்று கேட்பதோடு, “இன்று படித்ததில் ஒன்றை எனக்குச் சொல்” என்றும் கேட்பாராக. கேட்பவர் எழுத்தறியாதவராயினும் குறைவில்லை. அவர்க்கு விளங்குமாறு சொல்ல முயலும்போதே, அப்பிள்ளையின் கல்வி காற்கூற்றைக் கடந்து வளரத் தொடங்கிவிடும்.