பாத மருத்துவம் படிக்கலாமா?

உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் யூகாஸ் விண்ணப்பக் காலம் வந்தால் பேசப்படுபவை மருத்துவம், பல் மருத்துவம், மருந்தாளர் துறை. பொடயற்றி என்ற பெயர் வந்தால், "காலைப் பிடித்துப் பிழைக்கிற வேலையா?" என்று கேட்கும் பெற்றோரும் எம்மிடையே உண்டு. எங்கள் பேச்சுவழக்கில் காலைப் பிடிப்பது என்றால் கெஞ்சுவது. பிரித்தானியாவிலோ அது மூன்று ஆண்டுப் பட்டப்படிப்பு, ஸ்கொட்லாந்தில் நான்கு ஆண்டு.

இதைச் சுகாதாரப் பக்கத்தில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. தெற்காசியரிடையே இரண்டாம் வகை நீரிழிவு அதிகம். பல ஆண்டுகள் சீனி கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் பாத நரம்புகள் உணர்வை இழக்கின்றன, இரத்த ஓட்டமும் குறைகிறது. கோயில் வீதியிலோ வீட்டுக்குள்ளோ வெறுங்காலுடன் நடக்கும் அம்மாவுக்குக் காலில் ஏதாவது குத்தினாலும் தெரியாது. குளிருக்கு ஹீட்டரோடு காலை ஒட்டி வைத்திருக்கும் ஐயாவுக்குத் தோல் வெந்தாலும் தெரியாது. அந்தப் புண் ஆறாமல் கிருமி எலும்புவரை போனால், விரலையோ காலையோ எடுக்க வேண்டி வரும். இதைத் தடுக்கும் குழுவில் முக்கியமானவர் பொடயற்றிஸ்ட். நீரிழிவு உள்ளவரின் பாதத்தில் புண்ணோ சிவந்த வீக்கமோ கண்டால் ஒரு வேலைநாளுக்குள் பாதப் பராமரிப்புப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும் என்று 2015இல் வந்த நைஸ் வழிகாட்டல் சொல்கிறது. காய்ச்சலுடன் புண்ணும் இருந்தால், அல்லது கால் கறுத்தால், அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இனிப் படிப்புக்கு வருவோம். ஒரு பாதத்தில் 26 எலும்புகள். இரண்டிலும் சேர்த்து 52, அதாவது உடலின் 206 எலும்புகளில் ஏறக்குறைய கால்வாசி. முதல் ஆண்டில் இவற்றுடன் தசை, நரம்பு, இரத்தக் குழாய் எல்லாம் படிக்க வேண்டும். கூடவே உடற்றொழிலியல், நோயியல், நடையை ஆராயும் உயிர்ப்பொறியியல். தொடக்கத்திலேயே கத்தி பிடிக்கவும் பழக்குவார்கள். காய்ப்பையும் கால் ஆணியையும் இரத்தம் வராமல் சீவி எடுப்பது பார்ப்பதற்குச் சுலபமாகத் தெரியும், ஆனால் கை படிய மாதக்கணக்கு எடுக்கும். 10 கிராம் அழுத்தம் தரும் மெல்லிய நைலோன் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வைச் சோதிப்பதும், டொப்ளர் கருவியால் நாடியோட்டத்தைக் கேட்பதும் அன்றாடப் பாடம். பின்னர் மரக்கச் செய்யும் ஊசி போட்டு, தசைக்குள் வளர்ந்த நகத்தின் ஓரத்தை அகற்றி, அது திரும்ப முளைக்காதபடி பீனோல் வைக்கும் சிறு சத்திரசிகிச்சை. படிப்பு முடிவதற்குள் சுமார் 1,000 மணித்தியாலம் நோயாளிகளுடன் பயிற்சி பெற வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் இதற்காகச் சொந்தக் கிளினிக்குகளே நடத்துகின்றன.

ஹடர்ஸ்பீல்ட், கார்டிப் மெற்றோபொலிற்றன், கிளாஸ்கோ கலடோனியன், அல்ஸ்ரர் ஆகியவை இப்பட்டத்தை வழங்கும் பல்கலைக்கழகங்களில் சில. உயர்தரத்தில் உயிரியல் அல்லது வேறொரு விஞ்ஞானப் பாடம் பெரும்பாலும் தேவை. கேட்கும் பெறுபேறு மருத்துவத்துக்குக் கேட்பதைவிடக் குறைவு. வயது வந்தபின் படிக்க விரும்புவோருக்கு அக்செஸ் டிப்ளோமா வழி உண்டு. இங்கிலாந்தில் வேலை செய்து சம்பளம் பெற்றபடியே பட்டம் பெறும் அப்ரென்டிஸ்ஷிப் முறையும் இருக்கிறது. கல்விக் கட்டணக் கடனுக்குப் புறம்பாக, இங்கிலாந்தில் தகுதியுள்ள மாணவருக்கு என்.எச்.எஸ். 2020 செப்டெம்பரிலிருந்து ஆண்டுக்கு 5,000 பவுண் உதவித்தொகையும், ஆட்கள் குறைந்த துறை என்பதால் மேலும் 1,000 பவுணும் வழங்கத் தொடங்கியது. இது திருப்பிக் கட்டும் கடன் அல்ல. விண்ணப்பிக்கும் ஆண்டின் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றில் மட்டும் மிகக் கவனம் தேவை. சில மாதத்தில் பாதப் பராமரிப்புச் சான்றிதழ் தருகிறோம் என்று விளம்பரங்கள் வருகின்றன. அவற்றைப் படித்தவர் பொடயற்றிஸ்ட் என்றோ கைரொபொடிஸ்ட் என்றோ தம்மை அழைக்க முடியாது. அப்பெயர்கள் எச்.சி.பி.சி. பதிவேட்டில் உள்ளவர்களுக்கு மட்டுமே சட்டப்படி உரியவை. பணம் கட்டும் முன் அந்தப் பட்டம் எச்.சி.பி.சி. அங்கீகாரம் பெற்றதா என்று கேளுங்கள். பெற்றோரின் காலைக் காட்டும்போதும் பார்ப்பவரின் பெயரைப் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம்.

பட்டம் பெற்றவர் என்.எச்.எஸ்.இல் தாதியர், பிசியோதெரப்பிஸ்ட் போலவே ஐந்தாம் படியில் தொடங்குவார். அதன் பின் நீரிழிவுப் பாதம், விளையாட்டுக் காயம், சிறுவர் பாதம் என்று பிரிந்து போகலாம், சொந்தக் கிளினிக்கும் வைக்கலாம். மேற்படிப்புடன் தாமே மருந்து எழுதும் உரிமை 2013இல் கிடைத்தது. இன்னும் பல ஆண்டுகள் படித்தால் பாதச் சத்திரசிகிச்சை நிபுணராகலாம்.

மருத்துவத்துக்கு யூகாஸில் நான்கு இடங்களே போடலாம், ஐந்தாவது வேறு துறைக்கு. அந்த ஐந்தாவதை நிரப்புவதற்காக மட்டும் பொடயற்றியைப் போடுவது சரியில்லை என்பதே எமது எண்ணம். நேர்முகத்தில் கேட்பவர்களுக்கு அது உடனே விளங்கிவிடும். பிறருடைய பாதத்தை, அதுவும் மணக்கும் புண்ணை, முகம் சுளிக்காமல் கையில் எடுக்க மனம் வேண்டும். எங்கள் முதியவர்களுக்குச் சப்பாத்தைக் கழற்றிக் காலைக் காட்டவே வெட்கம். இளையவர் ஒருவர் முன்னால் குனிந்து "அம்மா, விறைக்குதா, எரியுதா, ஊசி குத்துற மாதிரி இருக்குதா?" என்று தமிழில் கேட்டால், மொழிபெயர்ப்பாளரிடம் சொல்லாததையும் சொல்வார்கள்.

ஆர்வமுள்ள பிள்ளைகள் முதலில் ஒரு கிளினிக்கில் இரண்டொரு நாள் கூட இருந்து பார்ப்பது நல்லது. அனுமதி கிடைக்க வாரங்கள் எடுக்கும் என்பதால், கோடை விடுமுறை தொடங்கும் முன்பே உள்ளூர் வைத்தியசாலைக்கோ தனியார் கிளினிக்குக்கோ எழுதிவிடுங்கள்.